சுண்டெலி கொடுத்த மருந்து

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவைக் கலை 1954-லேயே கைவந்துவிட்டது. பாஸ்டனில் ஜோசப் மர்ரே, ஒரே உருவ இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்துக் காட்டினார். இரட்டையர் என்பதால் உடல் ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு வைத்தபோது, இரத்தத்தின் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அந்நியச் சரக்கென்று பாய்ந்து தாக்கின.

அந்தத் தாக்குதலை அடக்க, 1966-ல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் குதிரையை நாடினார். மனித வெள்ளணுக்களைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் ஊறிய எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நோயாளிகளுக்கு ஊசி போட்டார். பலன் இருந்தது. ஆனால் குதிரைக்குக் குதிரை வீரியம் மாறியது. வேண்டாத எதிர்ப்பொருள்களும் கூடவே வந்தன.

வழி பிறந்தது 1975-ல், கேம்பிரிட்ஜில். ஆய்வாளர்கள் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். முன்னதற்கு எதிர்ப்பொருள் சுரக்கத் தெரியும், ஆயுள் இல்லை. பின்னதற்குச் சாவே இல்லை. பிறந்த கலப்புச் செல் ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருந்தது. இதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டதைச் சொல்லி பிரிட்டன் பின்னால் அங்கலாய்த்தது. யாரும் அந்த முறையைக் கையாள முடிந்ததால், நோயாளிகளுக்கு அது நல்லதாகவே முடிந்தது என்பேன்.

அந்த முறையில் நியூ ஜெர்சியின் ஆர்த்தோ நிறுவனத்தில் பாட்ரிக் குங், கிடியன் கோல்ட்ஸ்டைன் குழு 1979-ல் அறிவித்ததுதான் ஓகேடி3. டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும். பாஸ்டனில் பெனடிக்ட் கோசிமி அதைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்தார்; சில நிமிடங்களில் இரத்தத்தில் டி செல்களைக் காணோம். 1985-ல் வெளியான, 123 பேர் பங்கேற்ற ஆய்வில் நிராகரிப்பை 94 சதவீதம் பேருக்கு அது அடக்கியது. வழக்கமான ஸ்டீராய்டு அடக்கியது 75 சதவீதம் பேருக்கு. மறு ஆண்டே அமெரிக்க அனுமதி. மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்ற முதல் ஒற்றைவகை எதிர்ப்பொருள் இதுதான்.

முதல் டோஸ்தான் கண்டம். 5 மில்லிகிராம் நரம்பில் ஏறிய சற்று நேரத்தில் குளிர் தூக்கிப்போடும், காய்ச்சல் கொதிக்கும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சாகும் டி செல்கள் மட்டும் இதற்குக் காரணமல்ல. மருந்து அவற்றை முதலில் உசுப்பிவிட்டது. போதாக்குறைக்கு, நிராகரிப்பைத் தடுக்க வந்த எலிப் புரதத்தையே பல நோயாளிகளின் உடல் நிராகரித்தது. அவர்களுக்கு மறுபடி கொடுத்தால் பலிக்காமல் போகலாம்.

எலிப் பகுதியைக் குறைத்து மனிதப் பகுதியைக் கூட்டிய டாக்லிசுமாப் 1997-லும் பாசிலிக்சிமாப் 1998-லும் வந்தன. ஓகேடி3 மெல்ல வழக்கொழிந்தது. அதைத் திருத்தி வடித்த டெப்லிசுமாப் 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது உறுப்பு மாற்றத்துக்கு அல்ல; டைப் 1 சர்க்கரை நோய் தலைகாட்டுவதைத் தள்ளிப்போட.