யாழ்ப்பாணத்தின் இரு பூங்காக்கள்

யாழ்ப்பாணத்தில் பூங்கா என்றால், எந்தப் பூங்கா என்று திருப்பிக் கேட்பார்கள். சுண்டுக்குளியில், கண்டி வீதியோரம் இருப்பது பழைய பூங்கா. 1867இல் இறக்கும் வரை நெடுங்காலம் யாழ்ப்பாணத்தை நிர்வகித்த ஆங்கிலேய அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் உருவாக்கியது. தொடக்கத்தில் அது அதிபரின் வாசஸ்தலத்துத் தோட்டம், சனங்களுக்கென்று அமைத்ததல்ல. போரில் அந்த வாசஸ்தலம் இடிந்து சுவர்களாகிவிட்டது. மரங்கள் நிற்கின்றன. வட மாகாண ஆளுநர் செயலகமும் இதே வளாகத்தில்தான் இயங்குகிறது. ஆகவே இங்கே புதிதாக ஒரு கட்டடம் என்று பேச்சு வந்தால், எத்தனை மரம் போகும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சுப்பிரமணியம் பூங்கா பொது நூலகத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் கதையை அயலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 1981 யூன் தொடக்கத்தில் நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. 1990இல் கோட்டை முற்றுகை. செப்டெம்பரில் இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறும் வரை இந்தச் சுற்றுவட்டாரமே போர்முனை. 1999இல் பக்கத்துத் துரையப்பா விளையாட்டரங்கில் திருத்த வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

இந்தப் பூங்காவில் ஊஞ்சல் ஆடிய சிறுவயது நினைவு எனக்கில்லை. என் வயதுக்காரர் பலருக்கும் இராது. இப்போது பின்னேரங்களில் பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள். நூலகம் எதனால் இவ்வளவு புதிதாக, வெள்ளையாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டால், கூட்டிவந்த பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.