அட்டையில் நிற்கும் நம் முன்னோர்



"பழைய கடுதாசி அட்டைதானே? அதைச் சேர்த்து வச்சி என்னத்துக்கு ஆகப்போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. தபால் தலை சேர்ப்பவர்களை நாம் அறிவோம். நாணயம் சேர்ப்பவர்களையும் அறிவோம். படம் போட்ட பழைய அஞ்சலட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்த்து வைத்ததனால்தான் நமது பேராக் மாநிலத்தின் பழைய முகத்தை இன்று நம்மால் பார்க்க முடிகிறது. அந்த முகத்துக்குள்ளே நம்முடைய முகமும் இருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

அட்டை பிறந்த கதை

உலகின் முதல் அஞ்சலட்டையை ஆஸ்திரியா-ஹங்கேரி அரசு 1869ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளியிட்டது. மறு ஆண்டே பிரிட்டன் அதைப் பின்பற்றியது. இந்தியாவுக்கு 1879இல் வந்தது. விலை காலணா! ஏழையும் கடிதம் போடலாம் என்ற நிலையை அந்தக் காலணா கார்டுதான் உண்டாக்கியது.

படம் போட்ட அட்டை அதற்குப் பின்னால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதற்குப் பொற்காலம் எனலாம். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம் அது. தூர தேசம் எப்படி இருக்கும் என்று ஊரிலுள்ளவர்களுக்குக் காட்ட வேண்டுமானால் ஓர் அட்டையை வாங்கி அனுப்புவார்கள். சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனியும் பினாங்கில் காவுல்ஃபுஸ் என்பவரும் எடுத்த படங்கள் இப்படி அட்டைகளாகிக் கடல் கடந்து சென்றன.

அட்டையைப் படிக்கும் வித்தை

மாணவர்களே, இந்தப் பொழுதுபோக்கின் இனிமையே துப்பறிவதில்தான் இருக்கிறது. அட்டையில் ஆண்டு போட்டிருக்காது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்றிருந்தால் அது மிகப் பழையது. நடுவில் கோடு போட்டு ஒரு பாதியில் செய்தி, மறு பாதியில் முகவரி என்ற முறையைப் பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. பிறகுதான் மற்ற நாடுகளில் பரவியது. அடுத்து, தபால் தலை. பாயும் புலி இருந்தால் நமது பழைய மலாய் மாநிலங்களின் தலை. ஜப்பானிய எழுத்து அச்சடித்திருந்தால் 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட இருண்ட காலம்.

பிறகு படத்தைப் பாருங்கள். ஈப்போவின் பர்ச் மணிக்கூண்டு தெரிகிறதா? அப்படியானால் 1909க்கு முந்தியது அல்ல. ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த வெள்ளை மாடங்களோடு இரயில் நிலையம் எழும்பி நிற்கிறதா? அது 1917இல் முடிந்த கட்டடம். இப்படி ஒரு சின்ன அட்டை சரித்திர வாத்தியாராக மாறிவிடுகிறது, பார்த்தீர்களா!

பெயர் இல்லாத முகங்கள்

இனி நம் கதைக்கு வருவோம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த இரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை நமது கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்தக் கன்றுகளைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. தோட்டங்களைத் தொடர்ந்து நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள்.

அவர்களும் அட்டையில் ஏறினார்கள். பால் மரத்தடியில் கையில் உளியோடு ஓர் ஆள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும் கூட்டம். துரைமார் அந்த அட்டைகளை வாங்கித் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். படத்தின் கீழே என்ன அச்சாகியிருக்கும்? "தமிழ்க் கூலிகள்" என்றிருக்கும். இல்லையென்றால் "கிளிங்" என்ற ஏளனச் சொல் இருக்கும். மரத்தின் பெயர் உண்டு, ஊரின் பெயர் உண்டு. ஆளின் பெயர் மட்டும் இல்லை! அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்குமே! அது எங்கே போயிற்று?

காலணா கார்டின் கண்ணீர்

துரையின் அட்டை கப்பலேறிய அதே காலத்தில் நம்மவர் கடிதமும் கப்பலேறியது. அதில் படம் இல்லை. எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணியாரோ பள்ளிக்கூட வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார்கள். "நாங்கள் இங்கு சுகம், அங்கு எல்லோரும் சுகமா?" என்று கேட்டுவிட்டு, அனுப்பிய பணத்தின் கணக்கைச் சொல்லும். ஊரிலிருந்து வரும் அட்டையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து. கறுப்பு மை தடவியிருந்தால் படிக்கும் முன்பே வீட்டில் ஒப்பாரி எழும். சாவுச் செய்தி வந்த அட்டையைப் படித்ததும் கிழித்துப் போடுவது வழக்கம்.

1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்த பிறகு ஊர்க் கடிதமும் நின்றது. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எத்தனையோ பேரிடமிருந்து ஒரு வரிகூட வீடு திரும்பவில்லை.

துரையின் அட்டை வெளிநாட்டு ஆல்பத்தில் பத்திரமாக இருந்தது. நம்முடையது கூரை ஒழுகலிலும் செல்லரிப்பிலும் போயிற்று. ஆகவேதான் சரித்திரத்தில் நம் முகம் இருக்கிறது, நம் குரல் இல்லை.

நாம் செய்யக்கூடியது

சிங்கப்பூரின் மருத்துவப் பேராசிரியர் சியா ஜின் செங் பழைய அட்டைகளைச் சேகரித்தவர். பேராக் மாநிலத்துக்கென்றே 300 அட்டைகளைத் தொகுத்து 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு மருத்துவர் ஓய்வு நேரத்தில் இவ்வளவு செய்ய முடியுமானால், நம்மால் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாதா?

பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் லயத்தின் சுவடே இல்லை. வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிவிட்டன. அங்கே வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். ஆகவே மாணவர்களே, தாத்தா பாட்டியின் பெட்டியிலுள்ள கடிதம், படம், அட்டை எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இது யாரு பாட்டி? எந்தத் தோட்டம்? எந்த வருசம்?" என்று உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைப் பென்சிலால் படத்தின் பின்னால் மெதுவாக எழுதுங்கள். அன்று அச்சடித்தவன் எழுதாமல் விட்ட பெயரை இன்று பேரப்பிள்ளை எழுதட்டும். பாட்டி இருக்கும்போதே எழுதட்டும்.