மேற்கோள்

திருத்தித் தரச் சொல்லி வந்த தொழில்நுட்பக் கட்டுரை ஒன்றில், மோட்டார் திறன் அட்டவணைக்கு அடியில் 'மேற்கோள்: இணையம்' என்று இருந்தது. யார் எழுதிய எந்தப் பக்கம்? மீன் எங்கே பிடித்தாய் என்றால் கடலில் என்பது போல. சரி, சொல்லுக்கு வருவோம். மேல், கோள் சேர்ந்தது மேற்கோள். கோள் என்பது கொள்ளுதல். விரதம் மேற்கொண்டார் என்கிறோமே, அந்த உறவுதான். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது என்று வரிசை வரும். அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாமே முன்வைத்து நிறுவப்போகும் கருத்து. நமக்கோ அது பிறர் சொன்னது, கிட்டத்தட்டத் தலைகீழ். ஆங்கிலத்தின் 'சைட்டேஷன்' லத்தீன் வேரில் அழைத்தலைக் குறித்தது. நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் ஆணைக்கும் அதுவே பெயர். எனக்கு அந்தப் பொருள் பிடித்திருக்கிறது: சாட்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அதனால் இத்தகைய இடங்களில் 'சான்று' என்றே எழுதுகிறேன். வள்ளுவர் சாட்சிக்கு ஆண்ட 'கரி' இன்னும் கச்சிதம். ஆனால் அட்டவணைக்கு அடியில் அதைப் போட்டால் நிலக்கரிக் கணக்கு என்று நினைப்பார்கள். நூல், பதிப்பு, பக்க எண் கேட்டுக் கட்டுரையாளருக்கு எழுதினேன். இணைய முகவரி ஒன்று வந்தது, அதுவும் பாதி.