தொழிலாளர் ஈட்டுறுதியும் தன்னாட்சியும்

நம் காலனி இளைஞர் பலர் இன்று துணிக்கடைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கின்றனர். அவர்தம் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற பெயரால் ஒரு சிறு தொகை மாதந்தோறும் பிடிக்கப்பெறுகின்றது. இரயில்வேக்காரராகிய நமக்குத் தனி மருத்துவமனை உண்டு. எனவே அத்தொகையின் வரலாற்றை நாம் அறிய முயன்றதில்லை. இப்போது நம் பிள்ளைகளின் பணம் அதில் சேர்வதால் அதனை அறிவது நம் கடனாகின்றது.

இவ்வேற்பாட்டின் மூலம் ஜெர்மனி தேசம். 1883ஆம் ஆண்டில், பிஸ்மார்க் அமைச்சராயிருந்த காலத்து, தொழிலாளர் நோய் ஈட்டுறுதிச் சட்டம் அங்கு நிறைவேறிற்று. சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். வட்டார நிதிகளைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஆளவில்லை. சந்தா கட்டியவரின் பிரதிநிதிகளே ஆண்டனர். பணம் எவ்வளவோ வாக்கும் அவ்வளவு. ஆதலின் நிர்வாகத்திலும் தொழிலாளர்க்கே இரு பங்கு கிடைத்தது. 1878இல் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் செய்தவரும் இதே பிஸ்மார்க்தான்! அவர் சமைத்த நிதிகளிலேயே தொழிலாளர் தலைவர்கள் நிர்வாகம் பயின்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1934இல் நாஜி ஆட்சி இத்தன்னாட்சியைப் பறித்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீட்டது. 1953இல் மீண்டும் தேர்தல் நடந்தது.

நம் நாட்டில் பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையே இதற்கு வித்து. 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955இல் கோவைக்கும், 1956இல் கேரளத்துக்கும் அது வந்தது. அச்சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் அடங்கியது, திட்டம் தொடர்கின்றது.

பயன் சிறிதன்று. நோயுற்றவனுக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. பேறு காலத்தில் பெண்ணுக்கு 26 வாரம் முழுக் கூலி. ரொக்கத்தைக் கழகம் தரும். மருத்துவத்தைப் பெரும்பாலும் மாநில அரசு நடத்தும். நம் பேரூர்க்கடை ஆஸ்பத்திரி அவ்வகையது. அச்செலவில் எட்டில் ஏழு பங்கு கழகத்துடையது.

இனி, ஆள்பவர் யார்? கழகத்தில் முதலாளிமார் பதின்மர், தொழிலாளர் பதின்மர். மத்திய மாநில அரசுகளின் உறுப்பினர், மருத்துவர் இருவர், பாராளுமன்றத்தார் மூவர் வேறு. 2019 ஜூலை முதல் சந்தாவில் முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75. ஜெர்மானியர் பழைய கணக்கின்படி ஐந்தில் ஓரிடமும் நம்மவனுக்குத் தேறாது. இங்கோ சரி பாதி நாற்காலி. இது பெருந்தன்மையே. ஆனால் அந்நாற்காலிக்கு ஆளைத் தேர்வது தொழிலாளி அல்லன். சங்கங்களைக் கலந்து மத்திய அரசே நியமிக்கின்றது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்போர்க்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஏற்பட்ட நலவாரியமும் முத்தரப்பினது, அங்கும் நியமனமே.

நாற்காலி இருந்தும் வாக்கில்லாமை நம் ஏற்பாட்டின் குறை என்பது எம் கருத்து. தன் சீட்டில் பிடிக்கும் பணத்தைப் பற்றிப் பேசுபவர் பெயரை நம் காலனிப் பிள்ளைகளுள் ஒருவனும் அறியான். தேர்தல் இருந்தால், வாக்குக் கேட்டாவது ஒருவர் அவன் கடைவாயிலுக்கு வந்திருப்பார்.