மைக்கோபிளாஸ்மா: பெயரில் ஒட்டிக்கொண்ட பூஞ்சை

'மைக்கீஸ்' என்றால் கிரேக்க மொழியில் பூஞ்சை. 'பிளாஸ்மா' என்றால் வார்த்தெடுக்கப்பட்ட உரு. ஆனால் மைக்கோபிளாஸ்மா பூஞ்சை அல்ல, செல் சுவரே இல்லாத பாக்டீரியா.

1889-இல் ஜெர்மானியத் தாவரவியலர் ஃபிராங்க் இச்சொல்லை ஆண்டபோது எந்தக் கிருமியையும் மனத்தில் வைக்கவில்லை. பூஞ்சை போன்ற நுண்ணுயிர் புகுந்ததால் தன்மை மாறிப்போன தாவரச் செல்லின் உட்குழம்புக்கே அப்பெயரைச் சூட்டினார்.

கிருமி வேறு வழியில் வந்தது. மாடுகளை வாட்டிய நுரையீரல் நோயை ஆராய்ந்த நோக்கார், ரூ இருவரும் 1898-இல் பாரிஸில் அதை வளர்த்துக் காட்டினார்கள். கொலோடியன் என்ற மெல்லிய சவ்வில் சிறு பை செய்து, அதில் ஊட்டச்சாற்றை ஊற்றி, நோயுற்ற மாட்டின் நுரையீரல் நீரைச் சிறிது கலந்து, முயலின் வயிற்றறைக்குள் வைத்துத் தைத்தார்கள். நாட்கள் கழிந்தபின் பையிலிருந்த சாறு இலேசாகக் கலங்கியிருந்தது. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் உயிரி அது.

1910-இல் அதற்கு இடப்பட்ட 'ஆஸ்டெரோகாக்கஸ்' ஏற்கெனவே ஒரு பாசிக்கு உரிய பெயர். 1929-இல் நோவாக் அதே உயிரியைப் பேரினமாக்கி 'மைக்கோபிளாஸ்மா' என்றார். ஆய்வகங்களிலோ, 'மாட்டு நுரையீரல் நோய்க் கிருமி போன்றவை' எனப் பொருள்படும் 'பி.பி.எல்.ஓ.' என்ற எழுத்துக்கூட்டமே நெடுங்காலம் வழங்கியது. மனிதருக்கு நிமோனியா தரும் இனத்தை 1944-இல் கண்ட ஈட்டன் அதை வைரஸ் என்றே கருதினார். 1962-இல் அகாரில் வளர்ந்து, திட்டுகள் தோன்றிய பிறகே ஐயம் தீர்ந்தது.

1967-இல் எட்வர்டும் ஃபிராயிண்ட்டும் இவற்றை ஒரு தனி வகுப்பாக்கி 'மாலிக்யூட்ஸ்' என்றார்கள். இலத்தீனில் மென்தோல். இந்த வரலாற்றிலேயே பொருளோடு பொருந்திய பெயர் இதுதான் என்பேன். பென்சிலின் தாக்குவது செல் சுவர் கட்டப்படும் வேலையை. சுவரே இல்லாத உயிரியிடம் அது என்ன செய்யும்? அதனால்தான் இந்த நிமோனியாவுக்கு அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போல, புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளைத் தருகிறார்கள்.

யூரியாவைச் சிதைக்கும் உறவினங்கள் 1974-இல் 'யூரியாபிளாஸ்மா' என்று தனிப் பேரினமாயின. 2018-இல் மரபணு ஒப்பீட்டின்படி பேரினத்தையே பிரித்தார்கள். நிமோனியா இனம் 'மைக்கோபிளாஸ்மாய்டிஸ்' ஆயிற்று. மாட்டு நோய்க் கிருமி பழைய பெயரிலேயே நின்றது. இந்தப் பிரிப்பைச் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கும் எதிர்த்தவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. மருத்துவர்கள் இன்றும் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா நிமோனியே என்றே எழுதுகிறார்கள்.