இட்டேரி பிறந்த கதை

கொங்கு நாட்டு இட்டேரியை யாரும் போடவில்லை. ஒருவர் தன் காட்டுக்கு வேலி வைத்தார், எதிர்க்காட்டுக்காரரும் வைத்தார். இரண்டு வேலிக்கும் நடுவில் மாட்டுவண்டி போகிற அகலம் விட்டார்கள். அவ்வளவுதான்.

வேலி எதற்கு? காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. சோளமும் கம்பும் விதைத்தது போக, ஒரு பங்கு நிலத்தைக் கொரங்காடாக விட்டார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற அந்தக் காட்டில் காங்கேயம் மாடுகள் தாமாக மேயும். மேய்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் மாடு தாண்டாத வேலி வேண்டும். அதற்குக் கிளுவைதான் கைகொடுத்தது. போத்தை வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் தானே வேர்விடும். வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு முள்ளோடு நிற்கும், மழை பெய்தால் துளிர்க்கும்.

குடியானவர்கள் பலரும் ஊருக்குள் அடைந்து கிடக்காமல் அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் போக இட்டேரியை விட்டால் வழி கிடையாது.

மனிதன் நட்டது கிளுவை ஒன்றைத்தான். மிச்சத்தை நட்டவை குருவிகள். கோவைப்பழமும் சூரைப்பழமும் சங்கம்பழமும் தின்றுவிட்டு வேலியில் வந்து உட்கார்ந்து எச்சமிட்டன. பிரண்டையும் வேலிப்பருத்தியும் முடக்கத்தானும் மேலே ஏறிக்கொண்டன. அடியில் கீரியும் ஓணானும் குடியேறின, புதருக்குள் செம்போத்து கூடு கட்டியது. இரண்டு பக்கமும் உழுதுகொண்டே இருக்கிற பூமியில் கலப்பை படாத இடம் இந்த வேலிக்கால் மட்டும்தான். சளிக்குத் தூதுவளை வேண்டுமென்றாலும் இங்கேதான் வந்தார்கள்.

இரும்புப்பட்டை போட்ட சக்கரம் மண்ணை அரைக்கும், மழைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகும். பழைய இட்டேரிகள் பக்கத்துக் காட்டைவிடத் தாழ்ந்து கிடப்பது அதனால்தான். ஐப்பசியில் வழியே ஓடையாகிவிடும். சாலை போடும் என்ஜினியர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் காட்டில் விழுந்த மழைக்கும் ஒரு போக்கு வேண்டுமே!

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. காளை பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏற, காளைகளுக்கு வேலை குறைந்தது. பிறகு டிராக்டர், அதற்கப்புறம் லாரி. வண்டிக்கு அளந்து விட்ட அகலம் பற்றவில்லை.

சண்டை அங்கேதான் தொடங்குகிறது. புலப்படத்தில் வண்டிப்பாதையாக ஏறியவற்றுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பட்டா நிலத்துக்குள் பேச்சுவழக்கில் விட்ட வழிக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம்தான் துணை: 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு நடந்துவந்தால் வழி உண்டு என்கிறது அது. கிளுவையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு பேச்சும் இல்லை. எனவே வழக்காடி வழியை ஜெயித்த கையோடு, பொக்லைனை வரவழைத்து இருபக்க வேலியையும் பிடுங்கி, கல்கால் நட்டுக் கம்பி கட்டுவதும் நடக்கிறது.