கலமேறிய காகம்



நெடுங்காலம் பள்ளி முற்றத்தில் நின்றவன் நான். நண்பகல் மணி ஒலித்து, பிள்ளைகள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கு முன்பே, வேப்பமரக் கிளைகளில் காகங்கள் வந்து அமர்ந்திருக்கும். விடுமுறை நாட்களிலோ மரம் வெறிச்சோடிக் கிடக்கும். சோறு எறிபவன் எவன், கல் எறிபவன் எவன் என்பதையும் அவை அறிந்தே வைத்திருந்தன. காகத்தின் இவ்வறிவு ஆராய்ச்சியிலும் மெய்ப்பிக்கப் பெற்றுள்ளது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, பின்னர் விடுவித்தனர். பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அம்முகமூடியை எவர் அணிந்து சென்றாலும் காகங்கள் கூடி நின்று கரைந்தன.

மனிதனை இத்துணைக் கூர்ந்து நோக்கவேண்டிய தேவை காகத்திற்கு ஏன் வந்தது? கழுத்தில் சாம்பல் நிறம் படிந்த நம் வீட்டுக் காகம், மனிதர் வாழும் இடத்திலேயே வாழ்வது. நாம் உண்டு எஞ்சியதே அதன் பேருணவு. ஆகவே, நாம் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது.

காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அவ்வாறு கரைந்த காக்கைக்கு, தொண்டி நெல்லின் சோற்றை நெய்யோடு ஏழு கலத்தில் ஏந்தினாலும் போதாது என்று பாடினார் நச்செள்ளையார். அதனாலேயே காக்கைபாடினியார் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார். அப்பாட்டு குறுந்தொகையில் உள்ளது.

கடலோடிகளுக்கும் பறவைகள் துணையாயின. இலங்கை மாலுமிகள் பறவைகளைக் கலத்தில் கொண்டுசென்று பறக்கவிட்டு, அவை கரை நோக்கிச் செல்லும் திசையில் கலம் செலுத்தினர் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். புத்த சாதகக் கதை ஒன்றில், வணிகர் கொண்டுசென்ற திசைகாட்டும் காகத்தைப் பாவேரு நாட்டார் விலைகொடுத்து வாங்கி, பொற்கூட்டில் வைத்துப் போற்றுகின்றனர். பாவேரு என்பது பாபிலோனே என்பர் அறிஞர்.

இனி, அண்மைக் காலத்திற்கு வருவோம். 1890-களில், ஆப்பிரிக்கக் கரையை அடுத்த சான்சிபார் தீவிற்கு, குப்பையைத் தின்று தூய்மை செய்யும் என்று கருதி, வீட்டுக் காகங்களைக் கொண்டுசென்றனர். காகம் குப்பையைத் தின்றது. அதனோடு அந்நாட்டுச் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. பெருகிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பரவியது. முடிவில் 2024-ஆம் ஆண்டில், பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாகக் கென்யா நாடு அறிவித்தது.

எண்ணிப் பாருங்கள்! விருந்து அறிவிக்கும் பறவையென்று இங்கே சோறு பெற்ற காகம், அங்கே கொல்லப்படும் தொல்லையாயிற்று. அதன் குணம் மாறவில்லை. மனிதனோடு ஒட்டி வாழ்ந்து, கிடைத்ததை உண்டது. ஓர் உயிரின் இயல்பை முற்றும் அறியாமல், அதன் பயன் ஒன்றையே கருதி, மனிதனே அதை இடம் பெயர்த்தான். அதற்குரிய விலையைச் சிறு பறவைகளும் செலுத்தின; காகமும் செலுத்துகின்றது.

நாளைக் காலை உங்கள் வீட்டுக் கூரையில் காகம் வந்து அமரும். ஒரு பிடி சோறு வைத்த பின், சற்று நின்று அதன் செயல்களைக் கவனியுங்கள். பிற உயிர்களின் வாழ்வில் கைவைக்கும் முன்னர் அவற்றை அறிந்துகொள்ளும் பழக்கம், அங்கிருந்தே தொடங்கட்டும்.